பெயர் நிற்கும் நேரம்

வாசல் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்தால், ஒரு படத்தின் டைட்டில் முடியப்போகிறது என்று அர்த்தம். அவர் எங்கள் கட்டடத்தின் காவலாளி. படம் தொடங்கும்போது பெயர்கள் வருமே, அந்த எழுத்துகளை அசைய வைப்பது என் பிழைப்பு. பதினெட்டு வருடமாக இதையேதான் செய்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. டைட்டில் செய்தவனுக்கு எல்லாப் பெயரும் தெரியும். எழுத்து திரைக்கு வருவதற்கு முன்பே அவன் கண் படித்து முடித்துவிடும். அதனால் அவன் சொல்லும் ‘நல்லாப் படிக்க முடியுது’ செல்லாது. வெளியாள் ஒருவர் வந்து பார்த்து, பெயர்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். திக்கினால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். எங்கள் வெளியாள் வாசல் அண்ணன். அவர் படித்து முடிக்காமல் எந்த டைட்டிலும் எங்கள் அறையை விட்டு வெளியே போனதில்லை.

அன்றைக்கு அவர் திரையில் வந்துபோகும் இருபத்தாறு பெயர் அட்டைகளையும் தண்ணீர் குடிப்பதுபோலப் படித்தார். பின்னால் நின்றிருந்த இயக்குநர் கை தட்டினார். படம் ஒரு நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநரின் கதை. ஜன்னலோரம் விரைந்து ஓடும் பலகைகள்போலப் பெயர்கள் வர வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. நான் அதற்கு மேலேயே போயிருந்தேன். எழுத்துகளை உடைத்துவிட்டேன். கொம்பு ஒரு பக்கமிருந்து வரும், கால் இன்னொரு பக்கமிருந்து வரும், நடுவில் எழுத்தின் உடம்பு சுழன்றுகொண்டு வரும், கடைசியில் மெய்யெழுத்தின் புள்ளி மேலிருந்து விழும். எல்லாம் சேர்ந்து ஒரு பெயராகும். உடனே காற்றில் சிதறும். ஒரு புள்ளி விழுந்து துள்ளுவதற்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே என் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது. இயக்குநர் “எனர்ஜி சார், எனர்ஜி!” என்றார். அவருக்கு உலகத்தில் பிடித்த ஒரே சொல் அது.

அந்த டைட்டிலில் என் அக்காவின் பெயரும் இருந்தது.

அக்கா சினிமாவில் தையல்காரி. முப்பத்தோரு வருடம். ராஜா உடையும் தைத்திருக்கிறாள், பிச்சைக்காரன் உடையும் தைத்திருக்கிறாள். புதுத் துணியைக் கிழித்துப் பழசாக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எந்தப் படத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. உடைக் கலைஞரின் பெயர் வரும், அதோடு சரி. யூனிட்டில் எல்லோருக்கும் அவள் ‘டெய்லரக்கா’. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்தப் படத்தின் உடைக் கலைஞர் ஒரு நல்ல மனுஷி. தையல் ஆட்கள் மூன்று பேரின் பெயரையும் போட்டே ஆக வேண்டும் என்று தயாரிப்பு அலுவலகத்தில் நின்று வாங்கிவிட்டார். மேனேஜர் அக்காவுக்கு ஃபோன் செய்து, “டெய்லரக்கா, உங்க பேரு என்னக்கா?” என்று கேட்டிருக்கிறார். “எதுக்குப்பா, ஏதாவது தப்பாத் தச்சுட்டேனா?” என்றாளாம் இவள்.

இதற்குள் அவள் கண் கெட ஆரம்பித்திருந்தது. கண்ணின் நடுப்பகுதி. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மங்கிவிடும், அதைச் சுற்றியிருப்பதெல்லாம் தெரியும். ஊசியை மறைத்துக்கொண்டு, ஊசிக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலை மட்டும் காட்டுகிற கண். எட்டு மாதம் யாரிடமும் மூச்சு விடாமல், விரல் நுனியாலேயே தடவித் தடவி அந்தப் பேருந்து ஓட்டுநரின் சட்டைகளை எல்லாம் தைத்து முடித்திருக்கிறாள். எனக்குத் தெரியவந்தது ஒரு காலர் பொத்தானால். ஒரு சட்டையில் மேல் பொத்தானைக் கொஞ்சம் கோணலாகத் தைத்துவிட்டாள். என் அக்கா கோணலாகத் தைத்தாள் என்றால் உலகம் எங்கேயோ இடித்துக்கொண்டது என்று பொருள். மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஓரங்கள் இருக்கும், நடுப்பகுதி திரும்பாது என்றார். இதுதான் அவளுடைய கடைசிப் படம் என்பதை நாங்கள் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமலே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

வாசல் அண்ணன் படித்துப் பாஸ் செய்த அடுத்த நாள் மத்தியானம், என் வீட்டுச் சாவியைக் கொடுக்க அக்கா எங்கள் அறைக்கு வந்தாள். நானும் படத்தொகுப்பாளனும் இருந்தோம். அவனை எல்லோரும் ‘கத்திரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பழைய சிநேகிதன், வாயைத் திறந்தால் எவனாவது காயப்படுவான். “வாங்கக்கா, உங்க தம்பி பண்ணியிருக்கற கூத்தைப் பாருங்க” என்று அவளை நாற்காலியில் உட்காரவைத்தான். விளக்கை அணைத்து ஓட விட்டேன். இசை அறையை நிரப்பியது. அக்கா தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் விளக்கைப் போட்டேன்.

“நல்லாருக்குடா” என்றாள்.

அக்கா மரியாதைக்காக ஒன்றைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என் கல்யாணத்தன்று மணமேடையிலேயே, “பேன்ட் ஒரு இஞ்ச் நீளம்” என்று காதோரம் சொன்னவள். ‘நல்லாருக்குடா’ என்று மட்டும் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

“என் பேரு எப்ப வரும்?” என்று கேட்டாள்.

வந்து போயிருந்தது. பத்தொன்பதாவது அட்டை. அவள் கண்ணெதிரே கொம்பும் காலும் புள்ளியுமாகக் கூடி, துள்ளி, சிதறிப் போயிருந்தது. நான் கத்திரியைப் பார்த்தேன். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் போடலக்கா. லிஸ்ட் வரல” என்றேன்.

“சரி சரி, அவசரமில்ல” என்று சாவியை என் கையில் வைத்து, “ஏதோ பூச்சி பறக்கற மாதிரி அழகா இருந்துச்சு” என்றாள். சுவரைத் தொட்டபடி படியிறங்கிப் போனாள்.

“ஏண்டா பொய் சொன்னே?” என்றான் கத்திரி.

“வேற என்ன சொல்லச் சொல்றே?”

“அவங்களுக்குக் கண்ணு சரியில்ல, அது வேற. நான் ஒண்ணு கேக்கறேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் இதுல ஒரு பேராவது படிச்சேனான்னு இப்பதான் யோசிக்கறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. வாசல் அண்ணன் படித்தாரே என்றேன். “அவர் எத்தனாவது தடவை படிச்சாரு?” என்று கேட்டான். எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவரைக் கூப்பிட்டிருந்தேன். மூன்று வாரத்தில் பதினான்கு தடவை. கத்திரி எழுந்து என் நாற்காலியைப் பிடித்துத் திருப்பி, “பேரையெல்லாம் மாத்து. யாருக்கும் தெரியாத பேரா போடு. அசைவு அப்படியே இருக்கட்டும்” என்றான்.

யாருக்கும் தெரியாத பெயருக்கு எங்கே போவது? என்னோடு பள்ளியில் படித்தவர்களின் வருகைப் பதிவேடு எனக்கு இன்னும் மனப்பாடம். அதையே தட்டச்சு செய்தேன். ஒளிப்பதிவாளர் இடத்தில் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவன் வந்தான். இசையமைப்பாளர் இடத்தில் என் ஜியாமெட்ரி பாக்ஸைத் திருடியவள் வந்தாள். வாசல் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, படித்தார். முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை, ஒரு திக்கல் இல்லாமல், பழைய பெயர்களையெல்லாம் கணீரென்று படித்தார். திரையில் என் வகுப்பே ஓடிக்கொண்டிருந்தது. கத்திரி சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துவிட்டான்.

நான் படத்தை நிறுத்தி, ஒரு பெயரை அசையாமல் வைத்துக் காட்டினேன். வாசல் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், சத்தியமா நான் ஏமாத்தல சார். நான் படிச்சேன்னுதான் நெனச்சேன். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. நானும் பதினெட்டு வருடமாக அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் தோளைப் பிடித்துச் சொன்னேன். அந்த மனிதர் அன்றைக்கு அவ்வளவு கணீரென்று தப்பாகப் படிக்காமல் போயிருந்தால் நான் புள்ளியைத் துள்ள வைத்துக்கொண்டே கிழவனாகியிருப்பேன். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு கணக்குப் பார்த்தேன். ஒரு அட்டை திரையில் இருப்பது நான்கு நொடி. வந்து சேர ஒன்றரை, கலைந்து போக ஒன்றரை, துள்ளி அடங்க அரை. ஒரு பெயர் பெயராக இருந்தது அரை நொடிதான். மூன்றரை நொடி என்னுடைய சாமர்த்தியம்.

இயக்குநரிடம் அதே பள்ளிக்கூட டைட்டிலை ஓட்டிக் காட்டிப் படிக்கச் சொன்னேன். இருபத்தாறில் நான்கு படித்தார், அதில் ஒன்று தப்பு. அசடு வழிந்தது. ஆனாலும் விடவில்லை. “சார், மெதுவாப் போனா ஆடியன்ஸ் ஃபோனை எடுத்துடுவான் சார். டைட்டில்லயே தூங்க வச்சுட்டோம்னு எழுதுவாங்க” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அசையாமல் வரிசையாக நின்று வந்து போகும் பெயர்களை யாரும் பார்ப்பதில்லை, எனக்கும் அது தெரியும். ஒரு வாரம் தருகிறேன், வேறு ஏதாவது காட்டுங்கள், இல்லாவிட்டால் பழையதே போகட்டும் என்றார். கதவு வரை போனவர் திரும்பி நின்று, எனர்ஜி என்றார்.

அக்காவிடம் போனேன். அவள் வீட்டில் தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடியிருந்தாள். அதன் மேல் துவைத்த துணிகளை அடுக்கியிருந்தாள். நான் உட்கார்ந்ததும் என் காதுக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டு, “என்னடா மூஞ்சி இப்படி இருக்கு?” என்றாள். என் முகம் தெரிய வேண்டும் என்றால் இப்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மடிக்கணினியைத் திறந்து மேஜையில் வைத்தேன். அவள் பெயரை மட்டும் வெவ்வேறு விதமாக அசைய விட்டு, எதெது தெரிகிறது என்று சொல்லச் சொன்னேன்.

“மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்குன்னு தனியா எதுவும் பண்ணி வைக்காதே. பெருசு கிருசு போட்டுடாதே. யூனிட்ல சிரிப்பாங்க.”

“இல்லக்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்.”

“அப்ப சரி.” ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு, திரையை ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டாள். ஒன்றொன்றாக ஓட்டினேன். எழுத்து உடைந்து வந்தபோது உதட்டைப் பிதுக்கினாள். பெயர் ஒளிர்ந்து மங்கியபோதும் அதேதான். ஒரு ஓரத்திலிருந்து முழுப் பெயரும் ஒரே வரிசையாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது, “இரு இரு” என்றாள்.

“அசையறது எனக்கு நல்லாத் தெரியுதுடா. சொல்லப்போனா அசையறதுதான் தெரியுது. ஏதோ வருது, இந்தப் பக்கம் வருதுன்னு கண்ணு போயிடுது. போய்ப் பாத்தா அதுக்குள்ள அது ஆட ஆரம்பிச்சுடுது. ட்ரையல் பாக்கறப்ப நடிகருங்க அதான் பண்ணுவாங்க. ஃபோன்ல பேசிக்கிட்டே ஆடுவாங்க. நான் இடுப்பைப் பிடிச்சு, ‘ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா’ன்னுவேன். நின்னாத்தான அளவு எடுக்க முடியும்? நீ அதை வரச் சொல்லு. நல்லா வேகமாவே வரட்டும். வந்துட்டு நிக்கச் சொல்லு.”

“ஏன் நிக்குதுன்னு கேப்பாங்கக்கா. இயக்குநர் கேப்பாரு. காரணமில்லாம நின்னா செத்துப்போன மாதிரி இருக்கும்.”

அக்கா சிரித்தாள். “பஸ்ஸு ஏண்டா நிக்குது? ஆளு ஏறத்தான். அந்தப் படத்துக்கு முப்பத்திரெண்டு சட்டை தச்சேன். கதை எனக்கே தெரியும்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரம் நான் அந்தப் படத்தின் காட்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற பேருந்தைத்தான் பார்த்தேன், அது நிற்பதை ஒருமுறை கூடப் பார்க்கவில்லை. முதன்முதலில் என் எழுத்து நோட்டைத் தன் உடைப் பெட்டிக்குள் வைத்துப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோய், டைட்டில் எழுதுகிறவரிடம் காட்டி எனக்கு வேலை வாங்கித் தந்தவள் அவள்தான். அதற்கு நான் இதுவரை நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்ல வரவில்லை. “டீ போடட்டுமாக்கா?” என்று கேட்டேன்.

புதிய டைட்டில் ஐந்து நாளில் பிறந்தது. பேருந்து ஓடும்போது திரையில் பெயரே இல்லை, இருட்டுச் சாலை மட்டும். பிரேக் பிடிக்கும் ஓசை. பேருந்தோடு சேர்ந்து பெயர் ஒரு ஓரத்திலிருந்து விரைந்து வந்து, முன்னால் சற்றுக் குனிந்து, பயணிகள் குலுங்கி அடங்குவதுபோல ஒருமுறை குலுங்கி, நிற்கும். மூன்று நொடி ஆடாமல் நிற்கும். கதவு மூடும் சத்தத்தோடு கிளம்பிப் போகும். எழுத்துகள் உடையவில்லை. கொம்பும் காலும் தம் எழுத்தோடு ஒட்டியே இருந்தன. இரண்டு நாள் உழைத்த அந்தத் துள்ளும் புள்ளியை அழித்தபோது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லக் கூடாது. ஒரு விஷயம் மட்டும் உதைத்தது. பழைய டைட்டிலின் நூற்று நான்கு நொடிக்குள் இவ்வளவு நிறுத்தங்கள் அடங்கவில்லை. கத்திரியிடம் கேட்டேன். அவன் தன்னுடைய படத்தில் ஒரு நொடியை விட்டுக்கொடுப்பது தன் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதற்குச் சமம். ஆனாலும் முதல் காட்சியைத் திறந்தான். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காரும் ஷாட்டைக் குறைத்து, அதில் பன்னிரண்டு நொடியை டைட்டிலின் வாலோடு சேர்த்துக் கொடுத்தான். அவனுக்கு மிகவும் பிடித்த ஷாட் அது. “போடா, அக்காவுக்காக” என்றான்.

படித்துப் பார்க்க வாசல் அண்ணன் இனி ஆகமாட்டார். அதை அவரே சொல்லிவிட்டு, வாசலில் வருகிறவர்களை எல்லாம் பிடித்துப் பிடித்து உள்ளே அனுப்ப ஆரம்பித்தார். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர், பார்சல் கொண்டுவந்த பெண், மேல்மாடிப் பல் மருத்துவரைப் பார்க்க வந்து வழி மாறியவர். பார்சல் பெண் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே இருபத்தாறையும் படித்தார், ஒரே ஒரு இடத்தில் திக்கினார். முடித்துவிட்டு, “இவங்கல்லாம் யாரு சார்?” என்று கேட்டார். என் பதினெட்டு வருடத்தில் டைட்டில் பார்த்த ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்தும் கையை அவிழ்க்கவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னார். பேருந்து நிற்கும்போதெல்லாம் அவர் உடம்பும் கொஞ்சம் முன்னால் சாய்ந்ததை நானும் கத்திரியும் பார்த்துக்கொண்டோம். மூன்றாவது தடவை முடிந்ததும், “சார், இதைத்தான் சார் நான் மொதல்லேயே கேட்டேன்!” என்றார். கத்திரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். இயக்குநர் அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருக்கலாம், அந்த அதிகாரம் அவருக்கு இருந்தது. அவர் சொல்லவில்லை, அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

யூனிட்டுக்கான காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சின்னத் திரையரங்கு. லைட் ஆட்கள், மேக்கப் ஆட்கள், சமையல் ஆட்கள், குழந்தைகள் என்று அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அக்கா தானே தைத்த சட்டைத் துணியில் மிச்சம் பிடித்துத் தைத்த ஒரு கைப்பையோடு வந்தாள். நடு வரிசையில் நடுவில் அவளுக்கு இடம் பிடித்து, பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். விளக்கு அணையும் நேரத்தில் என் பக்கம் சாய்ந்தாள்.

“அன்னைக்கே என் பேரு இருந்துச்சு இல்ல?”

நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

“லிஸ்ட் வரலேன்னியே, அப்பவே தெரியும். பொய் சொன்னா உன் குரல் மெலியும். சின்னப் பிள்ளையிலேருந்து அப்படித்தான்.” என் முழங்கையை ஒரு தட்டுத் தட்டினாள். “பரவால்ல விடு.”

இருட்டில் பேருந்து கிளம்பியது. முதல் நிறுத்தம். பெயர் வந்து குலுங்கி நின்றது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அரங்கின் ஏதோ ஒரு மூலையில் ஒரு குடும்பம் சத்தம் போட்டது. ஒரு குழந்தை, “அப்பா பேரு! அப்பா பேரு!” என்று நாற்காலி மேல் ஏறி நின்றது. நான் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு. பதினெட்டு. வாழ்க்கையில் ஒரு மூன்று நொடிக்காக நான் இப்படிப் பயந்ததில்லை.

பிரேக் சத்தம் கேட்டதும் அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிவிட்டாள். எனக்குத் திக்கென்றது. அடுத்த கணம் புரிந்தது. அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நான் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே தெரிந்திருக்காது. ஓரத்தில், திரையில், மூன்று பெயர்கள் வந்து நின்றிருந்தன. அவள் உதடு அசைந்தது. முதல் பெயரைப் படித்தாள். அது அவளோடு பொத்தான் தைத்த பெண். இரண்டாவதைப் படித்தாள், அது இஸ்திரி போட்டவர். பிறகு, என் முகத்தைப் பார்த்தபடியே, எழுத்தெழுத்தாக, அவசரமே இல்லாமல், முப்பத்தோரு வருடமாக யாரும் கூப்பிடாத ஒரு பெயரைப் படிக்க ஆரம்பித்தாள். வெள்ளை எழுத்துகளின் வெளிச்சம் அவள் ஒரு கன்னத்தில் ஆடாமல் விழுந்துகொண்டிருந்தது.